மறு சோறு

ஜூலை 7, திங்கள்

இன்னிக்கு முட்டை நாள். அங்கன்வாடிக்கு இருபத்திமூணு பிள்ளைங்க வந்தாங்க. எல்லா முட்டையும் நான்தான் அவிச்சு உரிச்சேன். ஒன்று கெட்டுப்போயிருந்தது. டீச்சர் அதைத் தனியா நோட்டில் எழுதச் சொன்னாங்க.

இந்த டைரி பொங்கலுக்குக் கவுன்சிலர் வீட்டில் கொடுத்தது. என் மகன் டில்லிபாபு வாங்கிவந்து, "பூங்காவனம் மேடம், கவர்மெண்டு வேலை பாக்கறவங்க டைரி எழுதணும்" என்று கிண்டல் பண்ணிக் கொடுத்தான். சிலிண்டர் வந்த தேதி மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் போய் அஞ்சு மாசம் ஆகப்போகுது. அவங்க அப்பா எப்பவோ விட்டுட்டுப் போயிட்டார். மகள் யமுனா இருக்கிறாள், ஆனால் அவள் என்னோடு பேசுறதில்லை. அதனால் இதில் எழுதுறேன். நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பு இருக்கும்.

சாயந்தரம் பட்டாளம் ஏரியாவிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் வந்தார். சாவு வீட்டில் கானா பாடுறவர். எழுபது வயசு இருக்கும். புளியந்தோப்பில் அவர் பாடாத தெரு கிடையாது. டில்லிபாபுவுக்கும் பதினாறாம் நாள் அவர்தான் பாடினார்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு தியேட்டரில் அவரைப் பாடச் சொல்லியிருக்காங்களாம். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. படம் ஓட்டுற தியேட்டர் இல்லையாம். சின்ன ரூம், எழுபது பேர்தான் உட்கார முடியுமாம். அங்கே டில்லிபாபு பாட்டைப் பாடப் போறாராம். நான் வரணுமாம்.

வருஷம் திரும்பாத வீடு, நான் எப்படி வருவேன் என்று கேட்டேன்.

"சாவு வூட்ல அம்மா மொகத்தைப் பாத்துப் பாடியே பழகிட்டேன்மா. அங்க யார் மொகத்தைப் பாக்கறது? எல்லாம் கண்ணாடி போட்டுகினு குந்தினு இருப்பாங்க. நீ எதுர்ல குந்திக்கோ. அது போதும்."

நான் டீ போட எழுந்து போனேன். சக்கரை போடாத டீ குடிச்சிட்டுப் போனார்.

ஜூலை 8, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. அவன் போனதும் செவ்வாய்க்கிழமைதான்.

ஜூலை 9, புதன்

அந்தப் பாட்டு எப்படி வந்ததுன்னு எழுதுறேன்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாவு வீட்டுக்கு வந்தால் நேராக அம்மாவிடமோ பெண்டாட்டியிடமோ வந்து உட்காருவார். மூணு கேள்வி கேட்பார். பேர் என்ன. யார் மேல உசிரு. கடைசியா என்ன சாப்பிட்டாங்க. அவ்வளவுதான். வெளியே போய் ஒரு பீடி பிடிப்பார். உள்ளே வந்து டோலக்கு வாசிக்கிற சம்பத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். பாட்டு வந்துடும்.

என்னையும் கேட்டார். டில்லிபாபு என்றேன். தங்கச்சி மேல உசிரு என்றேன். கடைசியா மீன் குழம்பு, சங்கரா மீன், மத்தியானம் வந்தான், என் கையால் போட்டேன், மறு சோறு வாங்கித் தின்னான் என்றேன். அதுக்கப்புறம் வண்டியை எடுத்துகிட்டுப் போனான். மூணு மணிக்கு வியாசர்பாடி பாலத்து இறக்கத்தில் கண்டெய்னர் லாரி.

அவர் பாடினது இது.

மத்தியானம் மீன் கொழம்பு
மறு சோறும் வாங்கித் தின்ன
பெத்தவ கை ஈரம் காயல
பெட்டிக்குள்ள தூங்கப் போன

அந்த இடத்தில் தெருவே அழுதது. யாரோ போனில் எடுத்தாங்க. இப்போ எல்லார் போனிலும் அந்தப் பாட்டு இருக்கு.

அன்னிக்கு அவன் நல்லா சாப்பிட்டான். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு தெரேசா அக்கா காசிமேடு போய் மீன் வாங்கி வந்தாங்க. நாலு சங்கரா எடுத்து நீட்டினாங்க. வேணாம் என்றேன். இந்த வீட்டில் மீன் வாசம் வந்தே எத்தனை மாசம் ஆகுது, பிள்ளைக்குப் பிடிச்சதை ஆக்கிப் படைக்க வேணாமா என்றாங்க. நான் பாத்திரம் தேய்ச்சேன். பூனை வந்து அவங்க தட்டைச் சுத்திச்சு. அதுக்கு ஒரு தலை போட்டாங்க.

தியேட்டர் விஷயம் சொன்னேன். அக்காவுக்கு முகம் மாறிடுச்சு. சாவு விழாத இடத்தில் சாவுப் பாட்டு பாடினால் அந்த இடத்துக்கு ஆகாது, பாடுறவருக்கும் ஆகாது, கேட்கப் போறவளுக்கும் ஆகாதுன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அங்கே ஏசி இருக்குமா என்று கேட்டாங்க.

போகும்போது வாசலில் நின்னு சொன்னாங்க.

"நீ குடுத்து வெச்சவடி. கையால போட்டு அனுப்பிக்கீற. எங்க வூட்டு மனுஷன் குளுகோஸ் பாட்டில பாத்துகினே போனாரு."

அக்கா இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கே பார்க்கிறதுன்னு தெரியறதில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பொறந்தாச்சு. தெருவில் கூழ் ஊத்துறதுக்கு வீடு வீடா கேழ்வரகு வாங்க வந்தாங்க. எங்க வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போனாங்க. அதுதான் முறை. இருந்தாலும் கதவை மூடிக்கிட்டேன்.

யமுனா புரசைவாக்கத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் ராத்திரிதான் வருவாள். போட்டதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவுவாள், படுத்துக்குவாள். அண்ணன் இருந்தப்போ வாய் மூடாதவள்.

ஏப்ரலில் ஸ்டேஷனில் ஒரு பேப்பர் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தாங்களே, அந்த ரிப்போர்ட். இங்கிலீஷ். யமுனாதான் படிச்சாள். என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். தலையில் அடி என்றாள். மூணு பக்கம் இருக்கே, வேற என்ன என்றேன். ஒண்ணுமில்லை என்று மடிச்சு பீரோவில் வைச்சிட்டாள். ஆனால் ரெண்டாவது பக்கத்தைப் படிக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்னியிலிருந்துதான் இன்னும் மோசம்.

அந்த மாதிரி பேப்பரில் எல்லாம் எழுதுவாங்களாம். வயித்துக்குள்ள என்ன இருந்தது, இல்லை என்கிறது கூட. டீச்சர் வேற எதுக்கோ பேசும்போது சொன்னாங்க.

ஜூலை 20, ஞாயிறு

தியேட்டரிலிருந்து ஒரு பொண்ணு வந்தது. மிருதுளா என்று பேர். யமுனாவைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். தலைமுடியை ஆம்பிளை மாதிரி வெட்டியிருந்தது, ஆனால் நெத்தியில் பெரிய பொட்டு. செருப்பை வாசலில் கழட்டிட்டு வந்து தரையில் உட்கார்ந்தது. நாற்காலி போட்டேன், வேணாம்னுடுச்சு.

டில்லிபாபு போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தது. அந்தப் பாட்டை ஐம்பது தடவை கேட்டிருக்காம். அதிலும் அந்த மறு சோறு வரும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் அழுகை வருது ஆன்ட்டி என்றது. ஒரு தாயோட அன்பை இதைவிட எப்படிச் சொல்ல முடியும் என்றது. தியேட்டரில் பாடுற அன்னிக்கு ரெக்கார்டு பண்ணப் போறாங்களாம். பேரோட பாடலாமான்னு என்னைக் கேட்கத்தான் வந்ததாம்.

உள்ளே யமுனா துணி மடிச்சிட்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்னுபோச்சு.

நான் சரி என்று சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியவில்லை. அந்தப் பொண்ணு தரையில் உட்கார்ந்திருந்ததா, அதுக்கு வேணாம்னு சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

டீச்சர் போனில் அந்தப் பாட்டைப் போட்டுட்டாங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சுப் போட்டாங்க. அப்போ பிள்ளைங்களுக்குச் சாதம் போட்டுட்டிருந்தேன். பிள்ளைங்களுக்கு அந்தத் தாளம் பிடிச்சுப்போச்சு. ஸ்பூனால தட்டைத் தட்டிகிட்டு மறு சோறும் வாங்கித் தின்ன, மறு சோறும் வாங்கித் தின்ன என்று எல்லாம் சேர்ந்து பாடுதுங்க. ஒரு குட்டிப் பொண்ணு எழுந்து ஆடுது. டீச்சர் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன்.

அப்புறம் பின்னாடி போய்ச் சாம்பார் குண்டானைத் தேய்ச்சேன். நாளைக்குத் தேய்க்க வேண்டியதையும் தேய்ச்சேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

யமுனாவிடம் சொல்லிடலாம்னு இருந்தேன். தலைவலின்னு படுத்துட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிஞ்சு பட்டாளத்துக்கு நடந்தே போனேன். ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பல் செட்டைக் கழட்டி டம்ளரில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமா எடுத்து மாட்டினார்.

அந்த மீன் குழம்பு வரியை மட்டும் தியேட்டரில் பாட வேணாம்ண்ணா என்றேன்.

ஏன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அவர் என்னையே பார்த்தார். சம்பத் உள்ளேயிருந்து டோலக்கு வாரை இழுத்துக்கிட்டே, ஏன்கா, கொழம்புல உப்பு கம்மியா என்றான். அண்ணன் அவனைத் திட்டினார்.

"அதான்மா பாட்டே. அத்த எட்த்துட்டா மிச்சம் வெறும் டோலக்கு சத்தம். அதுக்கு நான் எதுக்கு, இவனே போதும்."

நான் அவரிடம் காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் பல் செட்டு சரியா மாட்டாமல் ஒரு பக்கம் தூக்கிகிட்டிருந்தது. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுந்து வந்துட்டேன்.

பாடினால் அந்தப் பொய் ரெக்கார்டு ஆயிடும். நான் செத்த பிறகும் இருக்கும். பாடாமல் விட்டால் ஏன்னு கேட்பாங்க. ரெண்டில் எது வேணும்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். ரெண்டும் வேணாம்னு வருது. போகாமல் இருந்துடலாமா என்றால் அதுவும் முடியலை. டில்லிபாபு பேரை அந்த ஊர்க்காரங்க எப்படிச் சொல்லுவாங்கன்னு கேட்கணும் போல இருக்கு.

ஆகஸ்ட் 9, சனி

போய்விட்டு வந்தாச்சு. எது முன்னாடி எது பின்னாடின்னு குழப்பமா இருக்கு. நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

யமுனா லீவு போட்டிருந்தாள். ஆடித் தள்ளுபடியில் சனிக்கிழமை லீவு கொடுக்கவே மாட்டாங்க. எப்படி வாங்கினாள்னு தெரியவில்லை. நீயும் வர்றியா என்றேன். தலை வாரிக்கிட்டே ம் என்றாள். மிருதுளா கார் அனுப்பியிருந்தது. அண்ணன் முன்னாடி சீட்டில் வெள்ளை வேட்டி சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னாடி நான், யமுனா, சம்பத், அவன் மடியில் டோலக்கு. ஆர்மோனியப் பெட்டிக்காரர் பஸ்ஸில் வந்துட்டார்.

தியேட்டர் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னாடி இருக்கு. உள்ளே சுவரெல்லாம் கறுப்பு. தரையும் கறுப்பு. மேடை கிடையாது. நடுவில் ஒரு ஜமுக்காளம், அதைச் சுத்தி மூணு பக்கமும் நாற்காலி. துக்க வீடு மாதிரிதான் எனக்குத் தோணுச்சு, ஆனால் வர்றவங்க எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு வாசனையா வர்றாங்க. எனக்கும் யமுனாவுக்கும் முன் வரிசை. ஏகாம்பரம் அண்ணன் கால் நீட்டினால் என் காலில் படும், அவ்வளவு கிட்ட. அவர் குதிகால் வெடிப்பு தெரியுது. எச்சில் முழுங்கிறது கூடக் கேட்குது.

ஓரத்தில் ரெக்கார்டு மெஷின் இருந்தது, ஆனால் பாடுறதுக்கு மைக் கிடையாது. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. இத்தனை வருஷம் அவர் குரலை சவுண்டு பாக்ஸில்தான் கேட்டிருக்கேன், மூணு தெரு தாண்டிக் கேட்கும். மைக் இல்லாமல் அது ஒரு வயசானவர் குரல். அவ்வளவுதான். மேலே போகிற இடத்தில் மூச்சு பத்தாமல் வார்த்தையை முழுங்கினார். எனக்குப் பாவமா இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில், அந்தச் சின்னக் குரலை எல்லாரும் குனிஞ்சு கேட்க ஆரம்பிச்சாங்க. நானும்தான். சாவு வீட்டில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே அழுவாங்க, விசில் அடிப்பாங்க, தண்ணி கேட்பாங்க.

முதல் பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. அண்ணன் திடுக்கிட்டு சம்பத்தைப் பார்த்தார்.

"இன்னாங்க, ஒர்த்தரும் அழ மாட்றீங்க? நான் எப்டிப் பாட்றது?" என்றார்.

எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவருக்குக் கூச்சம் போயிடுச்சு. ஒரு ரவுடிக்குப் பாடினது, ஒரு மீன்காரம்மாவுக்குப் பாடினது, ஒரு நாய்க்குப் பாடினது என்று ஒவ்வொன்றா பாடினார். நடுவில் அந்த மூணு கேள்வியைப் பற்றிச் சொன்னார். இதை அவர் சொன்னபடியே எழுதணும்.

"கடைசியா இன்னா துன்னாருன்னு கேப்பேன். நாப்பது வருசமா கேட்டுகினு கீறேன். பசியோட போனான்னு ஒரு வூட்ல கூடச் சொன்னதில்ல. இட்லி துன்னான், பிரியாணி துன்னான், பாயசம் குட்ச்சான். நானும் அப்டியே பாடிட்றது. எங்க ஏரியால சாவறவங்க எல்லாருக்கும் வயிறு ஃபுல்லு. எங்க ஏரியால பசியே கெடையாது."

ரொம்ப நேரம் சிரிச்சாங்க. இவர் என்ன சொல்றார். எல்லாரும் பொய் சொன்னாங்கன்னு சொல்றாரா. இல்லை, என்னைச் சொல்றாரா. என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. அப்போ தெருவில் அத்தனை அம்மாங்களும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருக்காங்களா. எல்லாரும் சொன்னது என்றால் நான் சொன்னது தப்பு இல்லைன்னு ஆயிடுமா.

அதுக்குள் அடுத்த பாட்டு டில்லிபாபு என்று சொல்லிட்டார். ஓரத்தில் நின்ன பையன் விளக்கைக் குறைச்சான். என் மேல் மட்டும் வெளிச்சம் இருந்த மாதிரி தெரிஞ்சது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துகிட்டே ஆரம்பிச்சார்.

பூங்காவனம் பெத்த புள்ள
புளியந்தோப்பு சிரிச்ச புள்ள

என் பேர் அங்கே அந்தக் கறுப்பு ரூமில் கேட்டது. அவன் பேர் வந்தது. தங்கச்சி பேர் வந்தது. யமுனா கையைத் தொடைக்கு அடியில் வைச்சுகிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தது மத்தியானம் என்று எனக்குத் தெரியும். சம்பத் டோலக்கை மெதுவாக்கினான். அந்த வரிக்கு முன்னாடி எப்பவும் அப்படித்தான் மெதுவாக்குவான்.

மத்தியானம் மீன் கொழம்பு என்று அண்ணன் பாடினார்.

"அவன் துன்னலண்ணா" என்றேன்.

நான் சத்தமாச் சொல்லவில்லை. வீட்டில் பேசுற மாதிரிதான் சொன்னேன். ஆனால் அந்த ரூமில் எல்லாருக்கும் கேட்டது. அண்ணன் கையைத் தூக்கினார். டோலக்கு நின்னுடுச்சு. ஆர்மோனியப் பெட்டியில் மிச்சமிருந்த காத்து மட்டும் போச்சு.

"இன்னாமா?"

"அன்னிக்கு அவன் சாப்டல. வேலைய வுட்டுட்டேன்னு சிரிச்சிகினே சொன்னான். ஒரு வருசத்துல மூணாவது வேலை. நான் தட்டைப் புடுங்கிட்டேன். அவன் கையக் கழுவிகினு போய்ட்டான். அவன் போன பொறவு அந்தத் தட்டுல நான் குந்தி துன்னேன். மறு சோறு போட்டுகினு துன்னேன்."

ஏசி சத்தம் கேட்டது. அண்ணன் எனக்கு ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. கண்ணை மூடிகிட்டு, இன்னொரு தபா சொல்லு என்றார். சாவு வீட்டில் மனசில் ஏத்திக்கிறதுக்கு அவர் அப்படித்தான் கேட்பார். நான் இன்னொரு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார்.

அப்புறம் ஜனங்களைப் பார்த்து, இந்தப் பாட்டு முடியல, வேற பாட்றேன் என்றார். சக்கரை வியாதி மேல கட்டின தமாஷ் பாட்டைப் பாடினார். ஜனங்களுக்குச் சிரிக்கிறதா வேணாமான்னு தெரியவில்லை. பாதிப் பேர் கை தட்டினாங்க, பாதிப் பேர் என்னைப் பார்த்தாங்க.

வெளியே வந்தப்போ மிருதுளா என்னைக் கட்டிகிட்டு அழுதது. என்னத்துக்கு அழுதுதுன்னு புரியவில்லை. கதர் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, ரொம்ப இயல்பா பண்ணீங்கம்மா, எந்த நாடகக் குழுவில் இருக்கீங்க என்று கேட்டார். அங்கன்வாடி என்றேன். அவர் யோசிச்சுப் பார்த்து, கேள்விப்பட்டதில்லை, புதுக் குழுவா என்றார்.

காரில் அண்ணன் தூங்கிட்டார், இல்லை தூங்குற மாதிரி இருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் அரிசி களைஞ்சுகிட்டிருந்தேன். யமுனா வந்து அடுப்பு மேடையில் சாய்ஞ்சு நின்னாள். நான் முந்திக்கிட்டேன். அந்தப் பேப்பரைப் படிச்சதிலிருந்து உனக்குத் தெரியும்தானே, அதனால்தானே என் முகத்தைப் பார்க்கிறதில்லை என்றேன்.

அவள் இல்லை என்றாள். பேப்பர் வரும் முன்னாடியே தெரியும் என்றாள்.

அன்னிக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு டில்லிபாபு அவளுக்குப் போன் பண்ணியிருக்கான். கடையில் போனை லாக்கரில் வைச்சிடுவாங்க, சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்க விடுவாங்க. அந்த நேரம் பார்த்துப் பண்ணியிருக்கான். சிரிச்சுகிட்டே பேசினானாம்.

"அம்மா தட்டைப் புடுங்கிச்சிடி. செம கோவம். சாயந்தரம் வந்து துன்றேன், எடுத்து வெக்கச் சொல்லு. ரெண்டு துண்டு மீன் வெக்கச் சொல்லு, நீ துன்னுடாதன்னான்மா."

அவளும் சிரிச்சிருக்காள். எனக்குப் போன் பண்ணலாம்னு நினைக்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கார். போனை லாக்கரில் போட்டுட்டுப் போயிட்டாள். மறந்துட்டாள். அடுத்த போன் கடை நம்பருக்கு வந்தப்போ மணி நாலு.

"நான் சொல்லியிருந்தா நீ அவனுக்குப் போன் பண்ணி, வாடா, வந்து துன்னுன்னு சொல்லியிருப்ப. அவன் திரும்பியிருப்பான். அந்தப் பாலத்துக்கே போயிருக்க மாட்டான்."

இதை அவள் ஆறு மாசமா வைச்சிருக்காள். பதினாறாம் நாள் நான் அண்ணனிடம் மறு சோறு தின்னான்னு சொன்னப்போ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பொய் சொல்றேன்னு தெரியும். அதை மறுத்தால் அந்தப் போன் வெளியே வந்துடும்னு பேசாமல் இருந்திருக்காள். பேப்பரைப் படிக்கும்போது என்னை ஏன் பார்த்தாள்னா, வயிறு காலின்னு போட்டிருந்ததால் பேச்சு வந்து அந்தப் போன் வரைக்கும் போயிடுமோன்னு பார்த்தாளாம்.

நான் அரிசியை விட்டுட்டு உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அவளைத் திட்டணும்னு தோணவில்லை. நான் போன் பண்ணிக் கூப்பிட்டிருப்பேனா என்றால், அதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்னிக்கு இருந்த கோபத்துக்கு, சாயந்தரமும் கிடையாது போன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு சொன்னேனா, உண்மைன்னு சொன்னேனா தெரியாது.

அவன் கோபமாப் போகவில்லை. சிரிச்சுகிட்டுப் போயிருக்கான். இது நல்ல செய்திதானே. ஆனால் எடுத்து வைக்கச் சொன்ன மீனை நான் தின்னுட்டேன். ரெண்டு துண்டுதான் இருந்தது. ரெண்டையும் தின்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முட்டை நாள். காலையில் யமுனா வேலைக்குப் போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

தெரேசா அக்காவுக்கு விஷயம் எட்டிடுச்சு. யார் சொன்னாங்கன்னு தெரியவில்லை. வாசலில் வந்து நின்னாங்க, உள்ளே வரவில்லை. கடைசியில், எங்க வீட்டு மனுஷன் ஆஸ்பத்திரி போற அன்னிக்கு டீ கேட்டாரு, பால் இல்லைன்னு சொல்லிட்டேன், பால் இருந்தது என்றாங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஏகாம்பரம் அண்ணன் வந்தார். கூட சம்பத், டோலக்கோடு. ரெக்கார்டு பண்ணினதை எல்லாம் அந்தப் பொண்ணிடம் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன் என்றார். உள்ளே வந்து, பதினாறாம் நாள் உட்கார்ந்த அதே இடத்தில் சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்தார்.

"பேரு இன்னா?" என்று கேட்டார்.

உனக்குத் தெரியாதாண்ணா என்றேன். கேட்டா சொல்லு என்றார்.

டில்லிபாபு என்றேன். யார் மேல உசிரு என்று கேட்டார். தங்கச்சி மேல என்றேன். உன் மேல இல்லையா என்று கேட்டார். போன தடவை இதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன். யமுனா, உன் மேலதாம்மா என்றாள்.

கடைசியா என்ன துன்னான் என்று கேட்டார். நான் யமுனாவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். போன் வந்தது, அவன் சொன்னது, லாக்கர், சூப்பர்வைசர், எல்லாத்தையும் சொன்னாள். ரெண்டு துண்டு மீன் வரைக்கும் சொன்னாள். அண்ணன் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் சொன்னாள். ரெண்டாவது தடவை அவன் மாதிரியே பேசிக் காட்டினாள். நீ துன்னுடாத என்கிற இடத்தில் சம்பத் சிரிச்சுட்டான். யமுனாவும் சிரிச்சாள். நான் அவள் வாயையே பார்த்துகிட்டிருந்தேன்.

அண்ணன் வெளியே போய் பீடி பிடிச்சார். ரொம்ப நேரம் ஆச்சு. ரெண்டாவது பீடியும் பத்த வைச்சார். உள்ளே வந்து சம்பத்தைப் பார்த்துத் தலையாட்டினார். டோலக்கு மெதுவா ஆரம்பிச்சது. மைக் இல்லாத அந்தச் சின்னக் குரலில் பாடினார்.

மத்தியானம் மீன் கொழம்பு
மறந்து போச்சு கோவமெல்லாம்
எட்த்து வையி வரேன்னு
தங்கச்சிக்கு போனு போட்ட

அதோடு நின்னுட்டார். சம்பத் கொஞ்ச நேரம் தட்டிகிட்டே இருந்தான். வரி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவனும் நிறுத்திட்டான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். யமுனாவைப் பார்த்தார்.

"அப்பறம்?" என்று கேட்டார்.